மெக்கானிக் கண்டுபிடிக்காத கோளாறு

லிஃப்ட் மெக்கானிக்குகள் லிஃப்டில் போவதே இல்லை என்பதை உலகம் இன்னும் கவனிக்கவில்லை. ஓடுகிற லிஃப்டுக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. நின்றுபோன லிஃப்டில் அவர்களாலும் ஏற முடியாது. ஆகவே ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடும் புண்ணியவான்கள் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருப்பார்கள். நம் மெக்கானிக்கின் இரண்டு முட்டிகளும் இதற்குச் சாட்சி. வலது முட்டி மழைக்கு முன்னால் பேசும். இடது முட்டி மழைக்குப் பின்னால் பதில் சொல்லும்.

கம்பெனியில் அவரை 'கிரீஸ்' என்று கூப்பிடுவார்கள். குளித்தாலும் போகாத கறையும், கோபமே வராத சுபாவமும் சேர்ந்து வைத்த பெயர். கிரீஸுக்கு ஓர் ஆசை இருந்தது. சிறுவயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் ஊர் பேண்டு வாசிப்பதைப் பார்த்தார். முன்வரிசையில் பளபளவென்று ஊதியவர்களை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் நீளமான பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்த ஒருவர்மேல் அவர் கண் விழுந்தது. காற்றை ரம்பம் வைத்து அறுப்பதைப்போல் இருந்தது. டிராம்போன் என்றார்கள். அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்து தானும் காற்றை அறுக்கவேண்டும். ஆசை அவ்வளவுதான்.

பிறகு வாழ்க்கை தன் வழக்கமான வேலைகளைச் செய்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, இவருக்கு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, மகள் வந்தாள், வளர்ந்தாள், புருஷன் வீட்டுக்குப் போனாள். மற்றவர்களுக்கு ஆசை வயதோடு கரையும். இவருக்குக் கொழுப்பைப்போல உள்ளேயே படிந்துவிட்டது. மகள் போன மறுவாரம் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு டிராம்போனை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வாய்ப்பகுதியில் ஒரு நெளிவு. யாரோ அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மனைவி துணிக்கடையில் வேலை செய்கிறவர். நாள் முழுக்க நின்றுகொண்டே, வாங்காத ஜனங்கள் கலைத்துப் போட்ட துணிகளை மடிப்பவர். முதல் ஊதலைக் கேட்டதும் கட்டிலில் இருந்தபடியே கண்ணைத் திறந்தார்.

"என்னங்க, யார் வீட்டு எருமையைப் புடிச்சுட்டு வந்தீங்க?"

"பழகப் பழகச் சரியாயிடும்."

"எருமைக்கா, எனக்கா?"

அடுத்த சுவர்க்காரர் சுவரைத் தட்டினார். எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. பூங்காவுக்குப் போனால் காவலாளி விசில் ஊதினார். அங்கே ஊத அவருக்கு மட்டும்தான் உரிமையாம். கடைசியில் கிரீஸ் தனக்கேற்ற இடத்தைக் கண்டுபிடித்தார். அவர் பொறுப்பிலிருந்த எட்டு மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், லிஃப்டின் மோட்டார் அறை. தடித்த சுவர், இரும்புக் கதவு, சாவி அவரிடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியைச் சோற்றுக்கும் பாதியை டிராம்போனுக்கும் பிரித்துக்கொண்டார்.

மோட்டார் அறையில் இன்னொரு வசதியும் கிடைத்தது. யாராவது லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்தியதும் மோட்டார் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் பாட ஆரம்பிக்கும். கிரீஸ் அதோடு சேர்ந்து ஊதுவார். மாடி வந்து மோட்டார் நின்றால் அவரும் நிறுத்திவிடுவார். உலகத்தில் வேறு எந்தக் கலைஞனுக்கும் இப்படியொரு சுருதிப்பெட்டி வாய்த்திருக்காது.

அந்த அறையின் தரையில் கயிறுகள் இறங்கிப்போக ஓட்டைகள் உண்டு. ஓட்டைக்குக் கீழே எட்டு மாடி ஆழத்துக்கு லிஃப்டின் சுரங்கம். அதைவிடப் பெரிய ஊதுகுழலை எந்தக் கம்பெனியும் இதுவரை செய்ததில்லை. இது கிரீஸுக்குத் தெரியாதா? கயிற்றைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் கதவைச் சாத்திவிட்டால் உலகம் வெளியே போய்விட்டது என்று நம்புவது மனித சுபாவம். ஓட்டையை யார் நினைக்கிறார்கள்?

கொஞ்சநாளில் குடியிருப்பின் செயலாளரிடமிருந்து போன் வந்தது.

"லிஃப்ட் முனகுது சார். நிக்கும்போது ஒண்ணுமில்ல. ஓடும்போதுதான்."

கிரீஸ் போனார். லிஃப்டுக்குள் நின்று மேலும் கீழும் பயணம் செய்தார். சுவரில் காதை வைத்தார். லிஃப்ட் வாயே திறக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெய் போட்டார். வந்ததுதான் வந்தோம் என்று மாடிக்குப் போய் ஊதினார். சாயங்காலம் மறுபடி போன். "நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து இன்னும் மோசம் சார்."

பேரிங்கை மாற்றினார். ரோலரை மாற்றினார். நோயாளி அழைத்தபோதெல்லாம் வைத்தியர் வந்தார். வைத்தியம் முடிந்ததும் நோயை அவரே கொடுத்துவிட்டுப் போனார். கனவில்கூட அந்த முனகலைத் தேடி அலைந்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் ஒரு லிஃப்ட் தன்னை ஏமாற்றியதே இல்லை என்ற கர்வமும் போய், காலையில் எழுந்திருக்கும்போதே களைப்பு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஊர் பேண்டில் இடம் காலியானது. டிராம்போன்காரருக்குப் பல் போய்விட்டது. கட்டின பல் ஊதும்போது கூடவே வந்தது. சனிக்கிழமை தேர்வு. கிரீஸ் பேண்டு மாஸ்டரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். முப்பது வருஷத்துக்கு ஒருமுறை காலியாகிற நாற்காலி. அடுத்தமுறை காலியாகும்போது இவருக்கும் பல் இருக்காது.

அந்த வாரத்தின் நடுவில், வழக்கம்போல முனகலைத் தேடிப் படியேறும்போது, நாலாவது மாடித் திருப்பத்தில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய்கறிப் பை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்கம்மா, லிஃப்ட் ஓடுதே?"

"ஓடுது. அழுதுகிட்டே ஓடுது. என்னிக்கு அறுந்து விழப்போவுதோ. ரெண்டு மாசமா நான் படிதான்."

"எப்படிம்மா அழுவுது?"

அந்த அம்மா பையை நகர்த்தி வைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, முனகிக் காட்டினார். கிரீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அது அவர் பழகிக்கொண்டிருந்த பேண்டு அணிவகுப்பு மெட்டு. மூன்றாவது இடத்தில் அவர் எப்போதும் சறுக்கும் சறுக்கலையும் அந்த அம்மா விடவில்லை.

"முன்னெல்லாம் சும்மா கத்தும். இப்பக் கொஞ்ச நாளா யாரையோ பறிகொடுத்தமாதிரி அழுவுது" என்றார் அவர்.

கிரீஸுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான். அனுபவிக்கத்தான் நேரமில்லை. சொல்லிவிட்டால் அறை போச்சு; தேர்வுக்கு முன்னால் பழக வேறு இடம் கிடையாது. சனிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொள்ளலாம். கண்டுபிடிக்க முடியாத கோளாறு, யார் கேட்கப்போகிறார்கள்? அந்த அம்மா முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். முட்டியைப் பிடித்துவிடுகிற அந்த விதம் கிரீஸுக்கு நன்றாகத் தெரியும்.

"அம்மா, லிஃப்டுக்கு ஒண்ணுமில்ல. அது நான்தான்."

"எது?"

"அழுதது. மேல உக்காந்து குழல் ஊதினேன். கீழ கேக்கும்னு தெரியாது."

அந்த அம்மா முட்டியிலிருந்து கையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஏன்யா, நான் என் வீட்டுக்காரர் ஆவின்னு நினைச்சுகிட்டிருந்தேன். அவரும் இப்படித்தான், எதை ஆரம்பிச்சாலும் பாதியில நிறுத்திடுவாரு. ரெண்டு மாசம்யா! உருளைக்கிழங்கு வாங்குறதையே விட்டுட்டேன், கனம்னு."

"தப்புதாம்மா."

"தப்புதான். பையைத் தூக்கு."

ஆறாவது மாடிவரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த அம்மா வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாகச் செயலாளருக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் மோட்டார் அறைக்கு இன்னொரு பூட்டு விழுந்தது. கம்பெனி அதிகாரி கூப்பிட்டு, ஒரு மனிதனைத் திட்டுவதற்குத் தமிழில் என்னென்ன வழிகள் உண்டோ எல்லாவற்றையும் நடந்து பார்த்தார். வேலை மட்டும் தப்பியது.

"போகாதீங்க. பழகாம போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றார் மனைவி. கேலி இல்லை. அவரும் அன்றைக்கு அத்தனை நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார்.

"போயிட்டு வந்துடறேன். இல்லன்னா சும்மா நினைச்சுகிட்டே இருப்பேன்."

"நினைச்சா நினைங்க. யாரு நினைக்கல?" என்றவர், சனிக்கிழமை காலையில் அவருடைய சட்டையைக் கடையில் மடிப்பதைப்போலவே மடித்து வைத்திருந்தார்.

தேர்வு ஒரு வெற்றுக் கூடத்தில். மேசைக்குப் பின்னால் பேண்டு மாஸ்டர். வாசலில் மீசை முளைக்கிற வயதில் இரண்டு பேர், பளபளக்கும் டிராம்போன்களோடு காத்திருந்தார்கள். கிரீஸ் குழாயைத் தூக்கினார். உதட்டில் வைத்தார். அப்படியே நின்றார்.

"ஆரம்பிங்க" என்றார் மாஸ்டர்.

கிரீஸ் நின்றார்.

"எதுக்குக் காத்திருக்கீங்க?"

"மோட்டாருக்கு, சார்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இங்கே கூடம் நேராகத்தான் இருந்தது, மோட்டார்தான் இல்லை. அது இல்லாமல் ஒரு சுரம்கூட அவர் ஒழுங்காக ஊதியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. போய்விடலாமா என்று பார்த்தார். வாசல் தூரமாக இருந்தது, முட்டியும் ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் எட்டை அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது. மோட்டார் கிளம்பிற்று. ஊதினார்.

மூன்றாவது இடத்தில் சறுக்கினார். எழுந்துகொண்டு மேலே போனார். எட்டாவது மாடி வந்ததும் நிறுத்தினார்.

மாஸ்டர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். "சுரம் சுத்தமில்ல. கை இறுக்கம். ஆனா மூச்சை இவ்வளவு நேரம் விடாம இழுக்கறீங்களே, எங்க பழகினீங்க?"

"எட்டாவது மாடிக்காரங்க அடிக்கடி வெளிய போவாங்க, சார்."

மாஸ்டருக்கு அது புரியவில்லை. நாற்காலியை வாசலில் நின்றவர்களில் ஒருவனுக்குக் கொடுத்தார். கிரீஸை அவனுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ராகத்தை அவன் வாசிப்பான்; அடியில் நீளமாகப் பிடிக்கவேண்டிய சுரங்களை மட்டும் இவர் பிடிக்கவேண்டும். உட்கார நாற்காலியை மட்டும் இவரே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் பேண்டு வாசித்தது. கடைசி வரிசையின் ஓரத்தில், பெரிய முரசு பாதி மறைத்த இடத்தில், சமையலறை நாற்காலியில் கிரீஸ் உட்கார்ந்து ஊதினார். மனைவி புல்தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கிரீஸ் ஒரு கையில் நாற்காலியும் மறு கையில் குழாயுமாக வந்தார்.

"நான் ஊதினது கேட்டுச்சா?"

"எல்லாரும் சேந்து ஊதினா எது யாருதுன்னு எப்படிங்க தெரியும்?" மனைவி செருப்பைத் தேடினார். "ஒரு இடத்துல யாரோ தப்பா முன்னாடியே ஆரம்பிச்சாங்க. அது நீங்களா?"

"இல்ல. அது பக்கத்துப் பையன்."

"அப்பச் சரி. நாற்காலியை இங்க குடுங்க, பஸ் போயிடும்."