புதன்கிழமைச் சாட்சி

காலை ஆறரை மணி. முதலில் கண்ணில் பட்டவை பக்கத்து குவார்ட்டர்ஸ் வாசலில் கிடந்த மூட்டைகள். பாய், பாத்திரங்கள், சுவரிலிருந்து கழற்றிய முருகன் படம்.

அந்த வீட்டு மாமா பருத்திப்பட்டுக்காரர். ஆவடியில் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு மோட்டார் எரிந்துபோனது. நிறுத்தச் சொல்லியும் மாமா நிறுத்தவில்லை என்றார் ஃபோர்மேன். "ஓடட்டும்" என்று ஃபோர்மேனே சொன்னதை அப்பா அருகில் நின்று கேட்டிருந்தார். அன்று விசாரணை. வேலை போனால் வீடும் போகும்.

ஃபோர்மேன் எங்கள் சபையின் மூப்பர். ஞாயிறுதோறும் ஆராதனையில், கர்த்தர் தமக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்களை முன்னால் அழைப்பவர் அவர்தான். பஸ்ஸில் சீட் கிடைத்ததற்குக்கூட எழுந்து சாட்சி சொல்லும் என் சித்திக்கு, அப்பா ஒருநாளும் போகாததில் வருத்தம்.

முந்தின நாள் குடும்ப ஜெபம் முடிந்ததும் அப்பா அம்மாவிடம், "நாளைக்கு நான் சாட்சி சொல்லணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூப்பர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அம்மா கேட்டாள். பிறகு அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

ஏழு வயதான எனக்குச் சாட்சி என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. வெள்ளைக் கவுன் போட்டு, பாட்டுப் புத்தகத்துடன் சைக்கிள் அருகே நின்றேன்.

மாமா பார்த்துவிட்டார். "இன்னா பாப்பா, புதன்கெழமைல கோயிலுக்கா?"

"அப்பா சாட்சி சொல்லப் போறாங்க மாமா."

மாமா அப்பாவைப் பார்த்தார். "யாருக்கு அண்ணாத்தே? உங்க சாமிக்கா, எனக்கா?"

"சைக்கிள்ல ஏறுங்க, நேரமாச்சு" என்றார் அப்பா. என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வாசலில் மூட்டைகள் இல்லை. முருகன் படம் பழைய ஆணியில் தொங்கியது. என் வருத்தம் வேறு: நான் இல்லாமலே அப்பா சாட்சி சொல்லிவிட்டார், யார் பாட்டுப் பாடினார்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் வழக்கம்போல் அழைத்தார். எங்கள் வரிசைப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. இப்போதாவது போகட்டும் என்று அப்பாவை முழங்கையால் இடித்தேன்.

"சொல்லியாச்சு" என்றார் காதருகே.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மூப்பரும் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் வந்தார். ஏன் ஏறி மிதிக்கவில்லை என்று அப்பாவின் சைக்கிள் முன் கம்பியில் உட்கார்ந்திருந்த நான் கேட்டேன். குவார்ட்டர்ஸ் கேட் வரை இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தார்கள்.