கோகிலவாணி பூசிய சுவர்

கோகிலவாணியின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிமெண்டில் இருந்தன. கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு உள்ளங்கையாலேயே சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கல்லில் தோசை மாவை இழுப்பதுபோல நடுவிலிருந்து வெளியே. பக்கத்துக் கட்டிலில் கிடந்த அவள் புருஷன் ஆனந்தனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நான் முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இது காய்ஞ்சிடுமா நர்சம்மா?"

"போன வாரம் பூசினதே காயலியே."

"அது கலவ சரியில்ல. இப்ப சரியா போட்டுக்கீறேன்."

நான் நர்ஸ் இல்லை. படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வேலூரில் பயிற்சி எடுத்தவள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஊர் கூப்பிடுகிற பெயருக்கே திரும்பிப் பார்க்கிறேன்.

அவள் பூசிக்கொண்டிருந்த இடம் ஆள் உயரம் இருக்கும். அகலம், பாடை நுழைகிற அகலம். அவள் மாமியார் மங்கம்மாள் அவிட்டத்தில் இறந்தாள். அந்த நட்சத்திரத்தில் போனால் அடைப்பு. உடலை வாசல் வழியாக எடுக்க மாட்டார்கள். எடுத்தால் போனவர் அதே வழியில் திரும்பி வந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பார்கள். சுவரை இடித்து அந்த வழியாக எடுத்து, பிறகு செங்கல் வைத்து அடைப்பார்கள். மாதக்கணக்கில் அறையைப் பூட்டி விளக்கு மட்டும் வைப்பார்கள். அன்று கடப்பாரை போட்டு இடித்தவன் ஆனந்தன்தான். அடுத்த வருஷம் அவனுக்கு வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. ஊர் வேறு மாதிரி சொன்னது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை அவன் நிறுத்தியிருந்தான், அதனால் வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

ஒரே ஒரு சொல் மட்டும் அவனுக்கு மிச்சம் இருந்தது. "தொற." பசித்தாலும் தொற, மூத்திரம் வந்தாலும் தொற. பக்கவாதக்காரர்களுக்கு அப்படி ஏதாவது ஒரு சொல் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் பார்த்துக்கொண்ட ஒருவருக்கு 'செவ்வாய்க்கிழமை' மட்டும் நின்றது. ஆனால் ஆனந்தன் அந்தச் சொல்லை எப்போதும் அந்தச் சுவரைப் பார்த்தே சொன்னான். கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கழுத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்.

அந்த இடம் மட்டும் காயாது. எத்தனை பூச்சு போட்டாலும் மறுநாள் கருத்து நிற்கும், ஈரத் துணியை ஒட்டியதுபோல. மணலில் உப்பு இருந்தால் அப்படி ஆகும். இருந்தாலும் பின்பக்கம் அவன் துணியைத் துவைக்கும்போது அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார மாட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை, பழக்கம்.

கோகிலவாணிக்கு ஜமுனாமரத்தூரில் மாணவிகள் விடுதியில் சமையல் வேலை. எங்கள் ஊர் போளூரிலிருந்து மலை ஏறுகிற சாலையில், அடிவாரத்தில் இருக்கிறது. விடியும் முன் முதல் பஸ்ஸில் மேலே போனால் இருட்டித்தான் இறங்குவாள். நான் காலையில் வந்து துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். மீதிப் பொழுது முழுக்க அவன் தனி. போன கோடையில் ஒருநாள் கட்டிலிலிருந்து புரண்டு விழுந்து, அவள் வரும்வரை தரையில் கிடந்தான். கண் ஓரத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அன்றைக்குத்தான் வீட்டை விற்று, விடுதிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவு செய்தாள். சோறு வடித்துவிட்டு ஓடி வந்து பார்க்கிற தூரம் வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளூரில் யாரும் அந்த வீட்டை வாங்க மாட்டார்கள். போளூரில் செல்போன் கடை வைத்திருக்கிற இளவரசன் என்ற பையன் கேட்டு வந்தான். அவனுக்கு அடைப்பு விஷயம் தெரியாது. கொத்தனாரைக் கூப்பிட்டால் எதை மறைக்கிறாள் என்று டீக்கடை வரைக்கும் போகும். அதனால் தானே பூசினாள்.

மேலே வாங்க நினைத்தது கோபால்சாமியின் வீடு, விடுதியின் பின்மதிலை ஒட்டியது. அவர் கீழேயிருந்து போய் அங்கே புளி, சாமை வாங்கி விற்றவர். வயதான பிறகு மகனோடு போளூருக்கு இறங்கிவிட்டார். வீடு பூட்டிக் கிடந்து ஓடு சரிந்துவிட்டது. அதனால்தான் கோகிலவாணிக்கு எட்டுகிற விலையில் இருந்தது.

விடுதியில் இரண்டு நாள் லீவு சொல்லியிருந்தாள். பூசிய கை காய்வதற்குள் அன்று அந்த வீட்டைப் பார்க்கப் புறப்பட்டோம். ஆனந்தனை விட்டுப் போக ஆள் இல்லை. எங்கள் ஊர் அருளின் குட்டியானையில், அந்தச் சின்ன லோடு வண்டியில், சக்கர நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி அவனையும் ஏற்றினோம். நான் போனது கதவு அகலம் பார்க்க. வீடு பார்க்கப் போகிறவர்கள் உத்தரத்தைப் பார்ப்பார்கள். நான் படியைப் பார்ப்பேன்.

படி மோசம். முழங்கால் உயரத்துக்கு இரண்டு, அதற்கு மேல் ஒரு குறுகிய வாசல். "நாற்காலி நுழையாது" என்றேன். கோகிலவாணியின் முகம் விழுந்துவிட்டது. ஆனந்தனை வீட்டின் பின்புறம் நிழலில் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே போனோம்.

உள்ளே பழைய புளி வாசனை. செல்லரித்த உத்தரம். ஓடு போன இடத்தில் வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. வீட்டைக் காட்ட ஏறி வந்திருந்த கோபால்சாமி ஒவ்வொன்றையும் காட்டினார், பின் அறையை மட்டும் வாசலில் நின்றே காட்டினார். அங்கே சுவரை ஒட்டி வெறும் கோணிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"உள்ள வந்து காட்டுங்க" என்றாள் கோகிலவாணி.

"பூச்சி பொட்டு இருக்கும்மா. எனக்குக் கண்ணு வேற சரியில்ல."

அப்போதுதான் வெளியிலிருந்து ஆனந்தனின் குரல் கேட்டது. "தொற."

"மூத்திரம் போலக்குது" என்று சொல்லிக்கொண்டே அவள் ஓடினாள். நானும் போனேன். அவன் நனையவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சுவர் முழுக்கக் கொடி படர்ந்து மூடியிருந்தது. நல்ல கையை நீட்டி, ஒரே இடத்தைக் காட்டி, தொற தொற என்றான்.

கொடியை விலக்கினேன். அங்கே கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. வெளுத்துப்போன சுண்ணாம்புச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு இடம் மட்டும் கருத்திருந்தது. கை வைத்தேன். ஈரம். மலையில் மழை பெய்து மாசக்கணக்கு ஆகியிருந்தது.

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

கோபால்சாமி தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இங்க இன்னாங்க இருந்துச்சி?" என்றாள் கோகிலவாணி.

"ஜன்னலும்மா. குளுரு தாங்கல, அடச்சிட்டேன்."

"தரை வரைக்கும் ஜன்னலா?" என்றேன் நான்.

அவர் கோகிலவாணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "உங்க வூட்ல எந்தப் பக்கம்மா?"

"இன்னாது எந்தப் பக்கம்?"

"நகக்கண்ணுல சிமெண்டு கீது. விக்கப்போற வூட்டுக்கு எந்தப் பொம்பள தன் கையால பூசுவா? ஆளக் கூப்ட்டா தெரிஞ்சிடும்னு நானும் இப்படித்தான் பூசினேன். என் சம்சாரம். போனது பூரட்டாதி, அதுவும் அடைப்பு."

மதிலுக்கு அந்தப் பக்கம் விடுதியில் பிள்ளைகள் தட்டு கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது.

"அதுக்குத்தான் கீழ போய்ட்டீங்களா?" என்றாள்.

"வெளக்கு வெக்கிற நேரத்துக்குத் தட்டுவாம்மா. உள்ளாரருந்து இல்ல, வெளியிலருந்து. வூட்டுக்கு வந்தவ தட்ற மாதிரி, ரெண்டு தட்டு, அப்பறம் கொஞ்சம் நின்னு ரெண்டு தட்டு."

"காத்துக்குக் கிளை தட்டியிருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். அந்தச் சுவருக்கு எட்டுகிற மரம் ஒன்றும் இல்லை.

கோகிலவாணி சுவரின் முன்னால் போய்க் கையை விரித்து அளந்தாள். ஆனந்தனின் நாற்காலியையும் அளந்தாள். பின்பக்கம் தரை மட்டம், படி கிடையாது. அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"ஐயா, நீங்க கேக்கற வெலைக்கு முடியாது. ஓடு போயிடுச்சி, உத்தரம் அரிச்சிப் போச்சி. கொறச்சிக் குடுங்க, எடுத்துக்கறேன். இந்தச் செவுத்தத் தொறந்து கதவு வெச்சிக்கறேன். அவருக்கு வேற வழியில்ல."

"வெல கொறச்சிக்கறேம்மா. தொறக்க மட்டும் தொறக்காத. வந்துடுவா."

"வரட்டும். எத்தினி பேரு வந்தாலும் ஆக்கிப் போட்டே பழகிட்டேன்."

கிழவர் சிரித்துவிட்டார். சிரிப்பு நின்ற பிறகு, "நாளைக்குள்ள முன்பணம் குடுத்துடு. தங்கற விடுதி கட்ட ஒருத்தன் கேட்டுக்கினே கீறான்" என்றார்.

இறங்கும்போது வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தது. கோகிலவாணி ஊக்கை எடுத்து நகக்கண்ணில் இருந்த சிமெண்டைக் கிளறிக்கொண்டே வந்தாள்.

"நான் அவரக் கேக்க வந்தேன், ஏன் மறச்சீங்கன்னு. அவரு என்னக் கேட்டுட்டாரு பாத்தீங்களா?"

"ம்."

"அந்தப் பையன் பொண்டாட்டி ஏழு மாசம் நர்சம்மா. அந்த ரூம்லதான் படுக்கும். சொல்லிட்டா வாங்க மாட்டாங்க. வாங்கலன்னா மேல முன்பணம் குடுக்க முடியாது. இவரு மறுபடியும் தரையில கெடப்பாரு."

சொல் என்றும் நான் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவள் கூப்பிட்டு ஓடிப்போய், ஆனந்தன் கண் ஓரத்திலிருந்து எறும்பைத் துடைத்தவள் நான்தான். என் வாயில் அறிவுரை வரவில்லை.

வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. காலையில் பூசியது சுற்றிலும் வெளுத்துக் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் காயவில்லை. கருப்பு தலை, தோள் என்று சொல்லக்கூடிய அளவுக்கு வளைந்து நின்றது. நான் அப்படிச் சொல்லவில்லை. கோகிலவாணியும் சொல்லவில்லை. அப்போது இளவரசன் போனில் கூப்பிட்டான். காலையில் மனைவியோடு முன்பணம் கொண்டுவருவதாகச் சொன்னான். அவள், "வாங்க தம்பி" என்று வைத்துவிட்டாள். ஆனந்தனைக் கட்டிலில் போட்டுவிட்டு நான் கிளம்பினேன். வாசல் வரை அவன் குரல் கேட்டது.

மறுநாள் காலை நான் தெருமுனை திரும்பும்போதே இடிக்கிற சத்தம் வந்தது. கோகிலவாணி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கடப்பாரையால் அந்தச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள். பூச்சு தொப்பென்று சேறாக விழுந்தது. உள்ளே செங்கல் காய்ந்து பொரிந்து தூசியாக இருந்தது. ஈரம் எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை. இருந்த உப்புக் கணக்கும் அதோடு போனது. நானும் செங்கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டேன். வெளிச்சம் நேராக ஆனந்தனின் கட்டில் மேல் விழுந்தது. அவன் கண்ணைச் சிமிட்டினான், தொற என்று சொல்லவில்லை.

இளவரசன் வந்து வண்டியை நிறுத்தியவன் ஓட்டையைப் பார்த்து நின்றுவிட்டான். "இன்னாக்கா இது?"

"எங்க மாமியார எடுத்த வழி. அவிட்டத்துல போனாங்க. அடைப்பு வூடு தம்பி. நேத்து வரைக்கும் நானே பூசி மறச்சிக்கினு இருந்தேன்."

அவன் முகம் மாறிவிட்டது. "அபி, வா போலாம். வெயில் ஏறுது."

அவன் மனைவி அபிநயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஓட்டை வழியாகத் தலையை நீட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். "சொல்லாம வித்திருந்தா?"

"நான் மேல சோறு ஆக்கிக்கினு இருப்பேன். நீ இங்க படுத்து செவுத்தப் பாத்துக்கினு இருப்ப."

"நாங்க பின்னாடி ஒரு ரூம்பு எடுக்கணும்னு இருந்தோம்க்கா. இந்தச் செவுரத்தான் இடிச்சிருப்போம்." கொஞ்சம் யோசித்தாள். "எவ்ளோ கொறப்பீங்க?"

"ஏய்!" என்றான் இளவரசன்.

"நீ சொம்மா இரு. அவங்க போன வழியில காத்து வருது, அவ்ளோதான். வாடகை வூட்ல அதுகூட இல்ல."

பேரம் நடந்தது. இவள் குறைத்தாள். மேலே கிழவர் குறைத்திருந்ததால் அது கட்டிவந்தது. இளவரசன் கடைசிவரை வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. முன்பணத்தை அபிநயாதான் எண்ணிக் கொடுத்தாள். அதை அப்படியே மேலே கொண்டுபோய்க் கொடுக்க அருள் வண்டியோடு காத்திருந்தான்.

அவர்கள் போன பிறகு ஆனந்தனை நாற்காலியில் உட்கார வைத்து வாசல் பக்கம் திருப்பினேன். முன்படியில் அவனை இறக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

"இப்பிடியே தள்ளுங்க நர்சம்மா. சமமா கீது" என்றாள் கோகிலவாணி.

ஓட்டை வழியாகத் தள்ளினேன். அருள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்காலி முழுதும் வெளியே வந்ததும் ஆனந்தன் நல்ல கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினான். கழுத்தைத் திருப்பி, நாங்கள் மூன்று பேரும் வெளியே நிற்க, யாரும் இல்லாத அறையைப் பார்த்தான். பஸ் ஏறும்போது பின்னால் வருகிறவரைக் கூப்பிடுவதுபோலக் கையை ஆட்டினான்.

"வா" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன இரண்டாவது சொல் அது. கோகிலவாணி அறையை ஒருமுறை பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம், ஒருவர் நடந்து வந்து சேர்கிற நேரம், பொறுத்துவிட்டு, "சரி, தள்ளுங்க" என்றாள்.

தள்ளினேன். நாற்காலி முன்னைவிடக் கனமாக இருந்தது. மண் தரையில் அப்படித்தான் இருக்கும்.