கலாவின் கடை மெயின் சுவிட்ச்

கலாவின் எம்பிராய்டரி மெஷின் எரிந்துபோனதற்கு நான்தான் காரணம். மின்னல் பாதி வேலையைச் செய்தது. மீதியை நான் செய்தேன்.

இதை உங்களிடம் சொல்லத் துணிந்ததற்குக் காரணம், உங்களுக்குக் கலாவைத் தெரியாது என்பதுதான்.

கறம்பக்குடி கடைத்தெருவில் ஒரு மாடிக் கட்டடம். கீழே நான்கு கடைகள். ஜூஸ் கடை, செல்போன் கடை, கலாவின் எம்பிராய்டரி கடை, கடைசியில் என் ஜெராக்ஸ் கடை. நான்கு கடைகளின் மீட்டரும் மெயின் சுவிட்சும் மாடிப்படிக்குக் கீழே, என் கடையை ஒட்டி இருக்கின்றன. அதனால் ஒரு பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோடையில் மாலை நேரத்து மேகம் திரண்டு இடி உறுமினால், "இறக்கப் போறேன்... இறக்கப் போறேன்!" என்று நான் குரல் கொடுப்பேன். அவரவர் மெஷினை அவரவர் நிறுத்துவார்கள். பிறகு நான்கு சுவிட்சுகளையும் இறக்குவேன். பூட்டிய கடையாக இருந்தாலும் இறக்குவேன். யாரும் என்னை நியமிக்கவில்லை. ஆனாலும் அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கலாவின் மெஷின் சாதாரணமானது அல்ல. கணினியில் படத்தைக் கொடுத்தால் தானே ஊசி மாற்றி, நூல் மாற்றித் தைக்கும். அவள் கணவன் பாஸ்கர் வளைகுடா நாட்டில் பல வருடம் உழைத்துச் சேர்த்ததை எல்லாம் அதில்தான் போட்டிருந்தான். அந்தக் கோடையில் ஊருக்கு வந்தவன், இனி திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தான். கலா தைப்பது, அவன் புதுக்கோட்டை ஜவுளிக் கடைகளில் ஆர்டர் பிடிப்பது... இதுதான் அவர்களுடைய திட்டம். அவர்களின் மகளுக்கு அப்பா என்றால் அதுவரை செல்போனில் பேசும் ஒரு முகம். அந்த முகம் இனி வீட்டிலேயே இருக்கப் போகிறது!

எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஒருநாள் எங்கோ இடி உறுமியது. வழக்கம்போல் குரல் கொடுத்தேன், இறக்கினேன். மெஷின் சத்தத்தில் கலாவுக்குக் கேட்கவில்லை. பாதி தைத்த கல்யாண ஜாக்கெட்டில் நூல் சிக்கி, பட்டுத்துணி கிழிந்துவிட்டது. மழையும் வரவில்லை. வெளியே வந்தவள் ஜூஸ் கடையில் நின்ற அத்தனை பேர் முன்னால் பொரிந்து தள்ளினாள்.

"அங்கிட்டு எங்கயோ உறுமுனதுக்கு இங்கிட்டு மெயின இறக்குறீங்களேண்ணே! ஒங்க ஜெராக்ஸு மாதிரியா இது? அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கூட்டம் சிரித்தது. செல்போன் கடைக்காரர் எனக்கு 'இடி ஆபீசர்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் தெருவில் நன்றாக ஓடியது.

கலா மறுநாளே வந்தாள். "கோவத்துல பேசிட்டேண்ணே. மனசுல வச்சுக்காதீங்க. நீங்க பாட்டுக்கு இறக்குங்க."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்றேன்.

மனதில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு அற்பம், பாருங்கள்! மன்னிப்புக் கேட்டவளை விட்டுவிட்டு, சிரித்தவர்களின் பற்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கலா கடையைப் பூட்டிவிட்டு, கணவனோடும் குழந்தையோடும் திருவரங்குளம் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜாக்கெட் கிழிந்த பிறகு வாங்கி வைத்த யுபிஎஸ் சார்ஜ் ஏறட்டும் என்று மெயினை அணைக்காமல் போயிருந்தாள். பொழுது சாயும்போது மேற்கே கறுத்தது. புழுதிக் காற்று சுழன்றடித்தது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. நான் படிக்குக் கீழே ஓடினேன். என் சுவிட்சை இறக்கினேன். ஜூஸ் கடையுடையதை, செல்போன் கடையுடையதை இறக்கினேன்.

கலாவின் சுவிட்சில் கை வைத்தேன்... எடுத்துவிட்டேன்.

மெஷின் எரிய வேண்டும் என்றா நினைத்தேன்? இல்லை. யுபிஎஸ் கொஞ்சம் கத்தட்டும், ஏதாவது சின்னதாகப் பழுதாகட்டும், என் அருமை அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். சின்னதாக! இடிக்கு நான் அளவு சொல்லி அனுப்பியிருந்தேன் போலிருக்கிறது.

கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். கூடவே சத்தம். தெருமுனைக் கம்பத்தில் பொறி பறந்தது. கொஞ்ச நேரத்தில் கலாவின் ஷட்டருக்கு அடியிலிருந்து கருகல் வாடை வந்தது.

அப்போதுதான் அவளுடைய சுவிட்சை இறக்கினேன்.

பதற்றத்தில் செய்ததா அது? அப்படித்தான் பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை... அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

நனைந்தபடி வந்து சேர்ந்தாள் கலா. ஷட்டரைத் தூக்கினாள். உள்ளே பார்த்தாள். பிறகு மாடிப்படிக்கு அடியில் வந்து, கீழே இறங்கியிருந்த தன் சுவிட்சையும் பார்த்தாள்.

"நீங்க இறக்கியும் இப்படி ஆயிருச்சேண்ணே..."

"ஆமா தாயி" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சற்று முன் சுவிட்சை இறக்கிய அதே கை.

திருச்சியிலிருந்து வந்த மெக்கானிக் மெஷினைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போர்டுகள் மொத்தமும் கருகிவிட்டன. பழுது பார்க்கும் செலவுக்குப் புது மெஷினே வாங்கிவிடலாம் என்றார். "மெயின இறக்குனா மட்டும் பத்தாதுங்க. பக்கத்துல இடி விழுந்தா தாவி வந்துரும். பிளக்கையே புடுங்கிப் போட்டுறணும்" என்றும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். இறக்கியிருந்தாலும் எரிந்திருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் ஜூஸ் கடை ஃப்ரீசரும் என் மெஷினும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தனவே... அவற்றின் பிளக்கை யாரும் பிடுங்கவில்லையே!

இப்போது எங்கள் வரிசையில் இடி உறுமினால் எல்லோரும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள்: "மெயின இறக்கியும் கலாவோட மெஷின் போயிருச்சு." என் பொய் நாலு பேருக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கலா கடையைக் காலி செய்தாள். வீட்டில் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறாள்.

பாஸ்கர் ஒருநாள் என் கடைக்கு வந்தான். மகளும் கூட வந்திருந்தாள், அவன் விரலைப் பிடித்துக்கொண்டு. பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டினான்.

"பழைய கம்பெனியிலயே கூப்பிடுறாங்கண்ணே. போறேன். கலாவத்தான் கொஞ்சம் பாத்துக்கங்க. அன்னிக்கு நீங்க இல்லேன்னா கடையே பத்தியிருக்கும்."

பாஸ்போர்ட்டைப் பிரித்து ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில் கவிழ்த்தேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"கலர்ல வேணுமா பாஸ்கர், பிளாக் அண்ட் ஒயிட் போதுமா?"

"பிளாக் அண்ட் ஒயிட்டே போதும்ணே."

பட்டனை அழுத்தினேன். பிரதி வெளியே வந்தது. அவன் முகம் ஒரு குறையும் இல்லாமல், தெளிவாக விழுந்திருந்தது.