“எங்கை” என்று கேட்ட குற்றம்

மகளுடைய அடையாள அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. போட்டோக்கொப்பி எடுத்துவர யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டிலிருந்து மத்தியானம் வெளிக்கிட்டவன், எடுத்த கையோடு திரும்பியிருக்க வேண்டும். மறுநாள் காலை அவளுக்குக் கொழும்பில் சோதனை. அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். பஸ் பின்னேரம் ஏழு மணிக்கு. நேரம் கிடக்குத்தானே என்று சைக்கிளைப் பக்கத்துக் கொழும்புத்துறைக் கடற்கரைக்கு விட்டேன். கரையோரம் நடந்து நாலு சனத்தோடு வாய் கொடுத்து வருவதில் எனக்கு ஒரு பைத்தியம்.

கரையில் சைக்கிளைப் பூட்டிவிட்டு, கண்டல் பற்றைகளுக்குள் போன ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். அது ஒரு பள்ளத்தைத் தாண்டி மணல் திட்டு ஒன்றில் முடிந்தது. அங்கே ஒரு மீன்வாடிக் கொட்டில். புருசனும் பெண்சாதியும் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கதைச் சுவாரசியத்தில் காற்று மாறிக் கடல் ஏறியதைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நான் வந்த பள்ளம் முழுக்கத் தண்ணீர். இறங்கினேன்; மூன்றாம் அடியில் தொடைவரை சேறு. ஒரு செருப்பு போய்விட்டது.

“உந்தக் காத்து விழுந்து தண்ணி வத்த விடிஞ்சிடும், ஐயா,” என்றார் அந்த அக்கா. “இவர் வலை போடப் போகேக்கை உங்களை அக்கரையிலை இறக்கிவிடுவார். அந்தரப்படாதையுங்கோ.”

மகள் போன் எடுத்தாள். “அப்பா, என்ரை ஐடி எங்கை?”

“வாறன், வாறன்.” எங்கிருந்து என்று சொல்லவில்லை. சோதனைக் கதை முழுக்க அக்காவுக்குத்தான் சொன்னேன்.

நாலரைக்கு அண்ணை நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, வள்ளம் தள்ளும் கம்பைத் தோளில் வைத்து வள்ளத்துக்கு நடந்தார். சந்தோசத்தில் என் வாய் முந்திவிட்டது.

“எங்கை அண்ணை போறியள், எந்தப் பக்கம்?”

அவர் நின்றார். கம்பை மணலில் போட்டார். அதன் மேலேயே குந்தினார்.

“சரி. இண்டைக்குத் தொழில் முடிஞ்சுது.”

வெளிக்கிடுகிறவரை ‘எங்கை’ என்று கேட்டால் போற காரியம் சரிவராது, ‘தூரமோ’ என்றுதான் கேட்க வேண்டும் என்பது நடக்கப் பழகிய நாளிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? சுற்றிவரத் தண்ணீர். அட்டையை எடுத்துப் பார்த்தேன். படத்திலிருந்த மகளும் முறைத்தாள்.

“இஞ்சருங்கோ,” என்றார் அக்கா புருசனிடம். “அந்தப் பிள்ளையின்ரை சோதினைக்கு நீங்களே வில்லங்கம்? உள்ளை வந்து இருந்து, தண்ணி குடிச்சிட்டுப் புதுசா வெளிக்கிடுங்கோ.”

“இந்தாள் திரும்பவும் கேக்கும்.”

“கேக்கமாட்டார்.” என் பக்கம் திரும்பினார். “ஐயா, அக்கரை போகுமட்டும் வாய் திறந்தியளோ, உந்தச் சேத்துக்கைதான் தள்ளுவார்.”

ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க ஒரு மனுசனுக்கு அரை மணித்தியாலம் பிடிக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

வள்ளத்தில் நான் உதட்டைக் கடித்தபடி இருந்தேன். அவர் கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டே சீண்டினார்.

“பெட்டைக்கு என்ன பாடம், ஐயா?... வீட்டிலையும் இப்பிடித்தானோ? மனுசி குடுத்துவைச்சவ.”

பதில் தொண்டைவரை வந்து வந்து திரும்பியது. மணல் திட்டைவிட அந்த வள்ளம்தான் எனக்குச் சிறை. சைக்கிள் நின்ற கரையில் இறக்கிவிட்டு, “இனிக் கதையுங்கோ,” என்றார். கும்பிட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு சைக்கிளில் ஏறினேன்.

படலையில் மகள் பையோடு நின்றாள். அட்டையைப் பறித்தாள். என் காலைப் பார்த்தாள். வெளிக்கிடப் படலையைத் திறந்தாள்.

“தூரமோ, பிள்ளை?” என்று கேட்டேன்.

“விசரே, அப்பா? கொழும்புக்கு!”