கத்தியில் படிந்த செம்பு

அழுகல் நோயில் எங்கள் ஏலக்காய்த் தோட்டம் போய்க்கொண்டிருந்த மழைக்காலத்தில், போடியிலிருந்து ஜீப்பேறி மருந்தடிக்க வந்தார் அவர். வேதியியல் எம்.எஸ்சி. படித்தவர். ஒட்டிய கன்னம், நீலம் ஏறிய நகங்கள். துருசு என்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்ததும் இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்ப்பார். அன்று கத்தி செக்கச்செவேலென்று வந்தது.

"சுண்ணாம்பு பத்தலண்ணே, இலை கருகிரும். இரும்பு எலக்ட்ரானக் குடுத்துட்டுக் கரையுது. துருசுல இருக்கிற செம்பு அத வாங்கிக்கிட்டுக் கத்தியில படியுது."

"குடுத்து என்னத்தக் கண்டுச்சு?" என்றேன்.

சுண்ணாம்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"இந்தச் சுண்ணாம்புல கால்சியம் இருக்குல்ல, அது கடைசிச் சுத்துல இருந்த ரெண்டு எலக்ட்ரானையும் குடுத்திருச்சு. உள்சுத்து நிறைஞ்சு கிடக்கு. இனி அது எவன்கிட்டயும் போய் நிக்க வேண்டாம். நானும் படிப்புக்குன்னு இருந்ததெல்லாம் குடுத்துட்டேன். இன்னும் சோலி கேட்டு நிக்கிறேன்."

கத்தியைத் துடைத்து மறுபடி முக்கினார். செம்பு படியாமல் போட்டபடியே வந்தது.

"என் கையில சரியாகுறது இது ஒண்ணுதான்."

தோட்டம் பிழைக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். செத்த செடியைக்கூட விடாமல், இலையைத் தூக்கித் தூக்கி நனைத்துக்கொண்டே மேலேறினார். நானும் மருந்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறினேன்.