உள்பக்கம் அடித்த வார்னிஷ்

மதுரை கோச்சடையில் எங்கள் தெருவில் எனக்குப் 'பைப்புக்காரர்' என்று பெயர். "பைப்பு ஒழுகுதுண்ணே, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று வாரத்துக்கு ஒருவராவது வாசலில் வந்து நிற்பார்கள். நான் செய்வது தண்ணீர்க் குழாய் இல்லை, புகையிலை பிடிக்கிற மரப் பைப் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தொண்ணூறுகளின் கடைசி அது. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பட்டறை. கடைசல் மெஷினிலிருந்து இறங்கும் ஈட்டிமரப் பைப்புகள் ஃபினிஷிங்குக்கு எங்கள் இரண்டு பேரிடம் வரும்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் அலங்காநல்லூர்க்காரன். எனக்குப் பிறகு சேர்ந்தவன். வேலை ஏனோதானோ. உப்புத்தாளை நாலு இழுப்பு இழுப்பான், மெழுகைத் தேய்ப்பான், "முடிஞ்சதுண்ணே" என்று டீக்குப் போய்விடுவான். நான் எண்பதாம் நம்பர் தாளில் ஆரம்பித்து நானூறு வரை ஒவ்வொன்றாகப் போவேன். அப்புறம் ஈரத்துணியால் துடைப்பேன். ஈரம் பட்டதும் மரத்தில் சிலும்பு எழுந்து நிற்கும். நிழலில் காயவைத்து அதை மறுபடி தேய்க்க வேண்டும். இப்படி மூன்று முறை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் என் பைப்பில் ஒரு கீறல் கிடைக்காது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷம் முதலாளி, ஃபினிஷிங்குக்கு ஒரு மேஸ்திரி போடப் போவதாகச் சொன்னார். கொச்சியிலிருந்து ஏற்றுமதிக்காரர் வருகிறார், அவர் யாருடைய பைப்பைக் கை காட்டுகிறாரோ அவன்தான் மேஸ்திரி. என் மனைவி அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்: "இனிமே பைப்புக்காரர்னு கூப்பிடாதீக, மேஸ்திரின்னு கூப்பிடுங்க."

சும்மா இருந்தேனா நான்? புகையிலை வைக்கிற குழியின் உள்பக்கம் சொரசொரவென்று இருந்தது கண்ணை உறுத்தியது. ஈர்க்குச்சியில் துணி சுற்றி உள்ளேயும் தேய்த்தேன். பிறகு வார்னிஷ், மூன்று பூச்சு. வீட்டுக்கும் எடுத்து வந்து அடித்தேன். பத்து நாள் பாடு. எதிரே இருந்தவன் ஒரு பைப்புக்குள் விரலை விட்டு, "எம்புட்டு வழுவழுப்பு!" என்றான்.

"யாரும் பாக்காத எடத்துலயும் வேலை இருக்கணும், தம்பி" என்றேன். அடடா, என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்!

ஏற்றுமதிக்காரர் என் பைப்பைத்தான் முதலில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். பிறகு பையிலிருந்து புகையிலையை எடுத்து அடைத்துப் பற்றவைத்தார். எங்கள் பட்டறையில் ஒருவரும் பைப் பிடித்ததில்லை. அதற்குள் நெருப்பு வைப்பார்கள் என்பது தெரியாதா? தெரியும். மூளைக்கு ஏறவில்லை. இரண்டாவது இழுப்பில் வார்னிஷ் கருகும் நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது. மனுஷர் இருமித் துப்பி, கண்ணில் நீர் கோத்து, பைப்பைக் கீழே போட்டார். அடுத்து அலங்காநல்லூர்க்காரனுடையதை எடுத்தார். அந்தச் சோம்பேறி உள்ளே கையே வைத்ததில்லை, வெறும் மரம். அது சுகமாகப் புகைந்தது.

"உள்ள வார்னிஷ் படக் கூடாதுன்னு போன வாரமே சொல்லிவிட்டேனே!" என்று முதலாளி கத்தினார். எனக்கும் சொல்லிவிடு என்று அலங்காநல்லூர்க்காரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவன் என்னைப் பார்த்தான். "நான் சொன்னேன்லண்ணே. நீங்க 'ம்'முன்னீங்க."

பொய்யன் என்று அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் தாளும் கையுமாக இருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் நான் 'ம்' என்றுதான் சொல்வேன். பட்டறைக்கே தெரியும். ஆத்திரம் வந்தது. அவன்மேலா, என்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் மேஸ்திரி ஆனான். அவனுக்குக் கீழே நாலு வருஷம் தேய்த்தேன். ஒவ்வொரு பைப்பாகக் கொடுக்கும்போதும், "உள்ள தொட்றாதீங்கண்ணே" என்பான், எல்லார் முன்னாலும்.

ஏற்றுமதிக்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அந்தப் பயல் வேண்டுமென்றே மறைத்துவிட்டான், சொல்லவே இல்லை என்று குதித்தேன். கத்தி முடித்ததும் மனைவி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"நெருப்பு வைக்கிற எடத்துல வார்னிஷ் தாங்குமான்னு நான் கேட்டேன்ல?" என்றாள். "இங்கன உக்காந்துதான் அடிச்சுக்கிட்டு இருந்தீங்க. 'ம்'முன்னீங்க."

அவள் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை.