தவக்காலத்து வாழைக்காய்

சைவச் சமையலையும் விரத மகிமையையும் புத்தகங்களாக எழுதுகிறவள் நான். பாம்பனில் பஸ் பழுதாகி நின்ற ஒரு மதியம், மீனவர் வீட்டு அக்கா ஒருவர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் சைவம் என்று தயங்கினேன்.

“எங்களுக்கும் இப்பத் தவக்காலம்மா. ஈஸ்டர் வரைக்கும் இங்கன மீன் சமைக்க மாட்டோம்.”

தட்டில் வந்த வாழைக்காய்ப் பொடிமாஸ் என் பக்குவம். அடுப்போரம் எண்ணெய்க் கறையோடு என் புத்தகம் கிடந்தது. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

கடலுக்குப் போய் வந்த அவர் கணவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

“இன்னைக்கு நல்ல சீலா மீனு. அம்புட்டையும் ஏலத்துல விட்டுட்டு வாரேன். நாக்குல எச்சி ஊறுது தாயி,” என்று என்னிடம் சிரித்தபடி வாழைக்காயைச் சோற்றில் பிசைந்தார்.

புத்தகம் என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. விரதத்தைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். ஆசைப்பட்ட ஒன்றை ஒருநாளாவது விட்டிருக்கிறேனா? மீன் வாடையே எனக்கு ஆகாது.